விடுமுறைக் கைவேலை: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படும் பொருள் கைவேலைப் பெட்டி. "பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறான், ஏதாவது பெட்டி இருந்தால் கொடுங்கள்" என்று வருகிறவர்களிடம், "வீட்டில் பழைய அட்டைப்பெட்டி, செய்தித்தாள் ஏதாவது கிடக்கிறதா?" என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். வந்த விற்பனையை ஏன் தள்ளிவிடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கான பதில்தான் இந்த மடல்.

கைவேலைப் பெட்டியில் எல்லாவற்றையும் அளவெடுத்து வெட்டி வைத்திருப்பார்கள். எண்ணைப் பார்த்து ஒட்டினால் மேலட்டையில் உள்ள படம்போல வந்துவிடும். வராவிட்டால் தனக்குக் கை வராது என்று குழந்தை முடிவு கட்டிவிடும். ஒரு துண்டு கிழிந்தால் மாற்றுத் துண்டும் கிடையாது. செருப்பு வாங்கிய காலி அட்டைப்பெட்டியில் அந்தப் பயம் இல்லை; கோணலாக வெட்டினால் இன்னொரு பக்கத்தை வெட்டிக்கொள்ளலாம். கெட்டுப்போனாலும் யாரும் கோபப்படாத பொருள்தான் சின்னக் கைகளுக்கு ஏற்றது. பரிசளிக்கவும் பயணத்தில் கொண்டுபோகவும் பெட்டி வசதி, மறுக்கவில்லை. நீண்ட விடுமுறைக்கு அது காணாது.

முதல் நாள் எதையும் செய்ய வேண்டாம். ஒரு செய்தித்தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை. ஒரு பக்கம் கோடு போட்டாற்போல நேராகக் கிழியும், மறுபக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக ஓடும். ஆலையில் காகிதம் ஓடும் திசையிலேயே அதன் இழைகள் பெரும்பாலும் படிந்துவிடுவதுதான் காரணம். அட்டைக்கும் இதே கதைதான். இழை ஓடும் திசையில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். எதிர்த்து மடித்தால் மடிப்பின் மேல் வெடிப்புத் தெரியும். "வாழ்த்து அட்டை செய்தோம், மடித்த இடம் பிளந்துவிட்டது, உங்கள் அட்டை சரியில்லை" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்தத் திசைக் கோளாறுதான். இரண்டு கைகளிலும் அட்டையைப் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்தப் பக்கமாகவே மடியுங்கள்.

கிழிக்கக் கற்ற குழந்தைக்கு அடுத்த வேலை தயார். இரண்டு விரல் அகலத்துக்குக் காகிதப் பட்டைகளைக் கிழித்துக்கொள்ளட்டும். கத்தரிக்கோல் வேண்டாம், வெட்டிய விளிம்பு மேடாக நிற்கும், கிழித்த விளிம்பில் இழைகள் பிரிந்திருப்பதால் அடுத்த பட்டையோடு இணைந்து படியும். ஒரு பங்கு மைதா மாவை நான்கு ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கிண்டினால் பசை தயார். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, பசையில் நனைத்த பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்ட வேண்டும். பட்டையை இரண்டு விரல்களுக்கிடையே உருவி அதிகப் பசையை வழித்துவிடுவது முக்கியம். மூன்று நான்கு அடுக்குகள் போதும். இரண்டு அடுக்குக்கு ஒருமுறை நன்றாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெயில் காலத்தில் இந்த வேலையைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். காய்ந்த பிறகு கிண்ணத்திலிருந்து கழற்றி, விளிம்பைச் சீராக்கி, வண்ணம் பூசினால் பென்சில், பொத்தான் போட்டு வைக்கலாம். கிண்ணத்துக்குப் பதில் ஊதிய பலூன் மேல் ஒட்டி முகமூடி செய்வார்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பலூன் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உடைந்த ரப்பர் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஒட்டியது காயும் வரை கை சும்மா இருக்காதல்லவா? தடித்த அட்டையில் ஒரு கோப்பையின் வாயை வைத்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். மையத்துக்கு இருபுறமும் சம தூரத்தில் இரண்டு துளைகள், இடையே ஒரு சென்டிமீட்டர். ஒரு மீட்டர் நூலை ஒரு துளையில் விட்டு மற்றதில் எடுத்து முனைகளை முடிந்தால் போதும். நூலின் இரு முனைகளிலும் விரலை மாட்டி, வட்டை நடுவில் தொங்கவிட்டுச் சுற்றி முறுக்கேற்றி, இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்தால் விர்ரென்று சுழலும். தள்ளாடினால் துளைகள் மையத்திலிருந்து விலகியிருக்கின்றன என்று பொருள். தவறு எங்கே என்பதைக் குழந்தையே கண்டுபிடித்துவிடும்.

வட்டின் பாதியில் நீலமும் பாதியில் மஞ்சளும் பூசி, சுற்றினால் என்ன நிறம் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். வண்ணம் குழைத்துப் பழகிய பிள்ளை பச்சை என்று அடித்துச் சொல்லும். தெரியப்போவது பெரும்பாலும் மங்கிய சாம்பல். குழைக்கும்போது நடப்பது வேறு, கண்ணுக்குள் கலப்பது வேறு; 1850களில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் இப்படிப்பட்ட வண்ண வட்டுகளைச் சுழற்றித்தான் நிறங்களை ஆராய்ந்தார். இன்னொரு செய்தியும் உண்டு. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு இதே விளையாட்டுப் பொருளின் தத்துவத்தில், காகிதத்தாலும் நூலாலும் ரத்தத்தின் கூறுகளைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி ஒன்றைச் செய்தது. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை அது சுழன்றது. மின்சாரமே இல்லை, கையால் இழுப்பதுதான்.

இனி, எங்களிடம் வாங்க வேண்டியவை. பட்டியல் சிறியது.

பசை வாங்கும்போது என்ன ஒட்டப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வெள்ளைப் பசை, தன்னிலுள்ள நீர் காகிதத்துக்குள் இறங்கி வற்றும்போதுதான் பிடிக்கும். பிளாஸ்டிக் பாட்டிலிலும் தகர டப்பாவிலும் நீர் இறங்க வழியில்லை. அங்கே அது காய்ந்த பின் தோலாக உரிந்து வரும். பாட்டிலின் மேல் முதலில் காகிதத்தை இறுகச் சுற்றி ஓரத்தை ஒட்டிவிட்டு, அதன் மேல் வேலை செய்யலாம். கட்டியாகப் பூசுவதும் வீண், காகிதம் நெளிந்துவிடும். நொடியில் ஒட்டும் சிறு குழாய்ப் பசையைக் குழந்தைகளுக்கென்று கேட்டால் தரமாட்டோம். தோலோடு தோல் ஒட்டிக்கொள்ளும், பஞ்சிலோ பருத்தித் துணியிலோ பட்டால் சுடும் அளவுக்குச் சூடேறும்.

கத்தரிக்கோலில் முனை மழுங்கலாக இருக்கட்டும், அலகு கூர்மையாக இருக்க வேண்டும். வெட்டாத கத்தரிக்கோலை அழுத்தும் குழந்தைக்குத்தான் கை தவறும். காகிதம் வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே மடிந்து சிக்குகிறதா? பிள்ளை இடது கைப் பழக்கம் உள்ளதா என்று பாருங்கள். வலது கைக்கான கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் அழுத்தும் விரல்களே அலகுகளை விலக்கிவிடும். அதற்கென்று அலகுகள் மாற்றிப் பொருத்திய கத்தரிக்கோல் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

மினுமினுப்புத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை: கடையில் இருக்கிறது, கேட்டால் தருவோம். தரையிலும் தலையணையிலும் தீபாவளி வரை மின்னினால் எங்களைத் திட்ட வேண்டாம்.

வெட்டி மிஞ்சிய அட்டை, வண்ணக் காகிதத் துண்டுகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் போட்டு வைத்திருக்கிறோம். குழந்தையோடு வரும்போது வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். பெரிய தாள்களில் இழை ஓடும் திசையைப் பென்சிலால் அம்புக்குறியிட்டுத் தரும்படியும் ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறோம், மறந்துவிட்டால் நினைவூட்டுங்கள்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தினர்