வட்டிக் கணக்கில் பிழை: 1,988.35 டாலரைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: நிதிப் பிரிவு, கடன் பெற்ற நிறுவனம்
பெறுநர்: மேலாளர், வணிகக் கடன் நிர்வாகப் பிரிவு, கடன் அளித்த வங்கி

பொருள்: 40,00,000 டாலர் மாறும் வட்டிக் கடனில், 91 நாள் காலத்துக்குக் கூடுதலாகப் பிடித்த வட்டி

மதிப்பிற்குரிய ஐயா,

முடிந்த வட்டிக் காலத்துக்கு எங்கள் கணக்கிலிருந்து 70,861.30 டாலர் பிடித்திருக்கிறீர்கள். ஒப்பந்தப்படி வர வேண்டியது 68,872.95 டாலர். அசல், 2.25 சதவீத மார்ஜின் (வங்கி தன் பங்காகக் கூட்டும் விகிதம்), ஆண்டுக்கு 360 நாள் என்னும் வகுத்தி ஆகியவற்றில் எங்களுக்கு மறுப்பில்லை. தவறு இரண்டு இடங்களில் நடந்திருக்கிறது.

பெரிய தவறு சரிக்கட்டு விகிதத்தில். டாலர் லைபர் என்னும் பழைய அடிப்படை வட்டி விகிதம் 2023 ஜூன் 30-உடன் நின்றதையொட்டித் திருத்திய ஒப்பந்தத்தில், டெர்ம் சோஃபர் (சோஃபரை வைத்து 1, 3, 6 மாதம் போன்ற காலங்களுக்கு முன்கூட்டியே வெளியிடும் விகிதம்), சரிக்கட்டு, மார்ஜின் மூன்றையும் கூட்டினால் வருவதே வட்டி. வங்கிகள் ஈடில்லாமல் தங்களுக்குள் கடன் வாங்கும் விலையைக் காட்டியது லைபர். சோஃபரோ அமெரிக்க அரசுப் பத்திரங்களை ஈடுவைத்து ஓர் இரவுக்கு வாங்கும் பணத்தின் விலை. அதனால் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பவே சரிக்கட்டு. அந்த இடைவெளியின் ஐந்தாண்டு இடைநிலை மதிப்பைக் கொண்டு 2021 மார்ச் 5 அன்றே அது நிலைநிறுத்தப்பட்டுவிட்டது: 1 மாதத்துக்கு 0.11448, 3 மாதத்துக்கு 0.26161, 6 மாதத்துக்கு 0.42826 சதவீதம். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இவை மாறுவதில்லை.

இந்தக் கடன் முன்பு 6 மாத வட்டிக் காலத்தில் இருந்தது. இம்முறை 3 மாதம் கேட்டு உரிய கெடுவுக்குள் அறிவிப்பு தந்தோம். உங்கள் கணினியில் நாள்கள் 91 ஆயின, டெர்ம் சோஃபரும் 3 மாதத்துக்கு மாறியது. சரிக்கட்டு மட்டும் 0.42826-லேயே நின்றுவிட்டது. காலத்தையும் சரிக்கட்டையும் தனித்தனிப் புலங்களில் கையால் பதிந்தால் நேரும் பிழை இது. கூடுதல் 0.16665 சதவீதம், அதாவது 1,685.02 டாலர்.

மற்றது தேதி. காலம் தொடங்குவதற்கு இரண்டு அமெரிக்க அரசுப் பத்திர வேலைநாள்களுக்கு முன் வெளியான விகிதத்தை எடுக்க வேண்டும்; அது 4.30 சதவீதம். நீங்கள் எடுத்தது தொடக்க நாளின் 4.33. இதனால் 303.33 டாலர். விகிதம் இறங்கியிருந்தால் இதே தவறு எங்களுக்குச் சாதகமாக இருந்திருக்கும். அப்போதும் தவறு தவறுதான்.

வங்கியின் கணக்கே இறுதியானது என்ற பிரிவைக் காட்டிப் பதில் அனுப்பியிருந்தீர்கள். அந்தப் பிரிவை முழுதாகப் படியுங்கள்: வெளிப்படையான பிழை இல்லாதவரை மட்டுமே அது பொருந்தும். கருத்து வேறுபாடு வேறு, அட்டவணையில் வரிசை மாற்றி எடுப்பது வேறு. ஒப்பந்தத்தையும் உங்கள் விகித அறிவிப்பையும் பக்கத்தில் வைத்தாலே தெரியும் பிழைக்கு வேறு என்ன பெயர்?

எனவே 10 வேலைநாள்களுக்குள் 1,988.35 டாலரை, பிடித்த நாள் முதலான வட்டியுடன், எங்கள் கணக்கில் வரவு வையுங்கள். டெர்ம் சோஃபர், அதை எடுத்த தேதி, சரிக்கட்டு, மார்ஜின் நான்கையும் தனித்தனி வரியில் காட்டும் திருத்திய விகித அறிவிப்பும் வேண்டும். இப்போது ஓடும் காலமும் 3 மாதம்தான். அதற்கான தானியங்கிப் பிடித்தத்துக்கு முன் கணினிப் பதிவு திருத்தப்பட்டதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.

இணைப்பு: திருத்த ஒப்பந்தத்தின் வட்டிப் பிரிவு, காலத் தேர்வு அறிவிப்பு, உங்கள் விகித அறிவிப்பு, எங்கள் கணக்குத் தாள்.

இப்படிக்கு,
நிதிப் பிரிவுத் தலைவர்