சுப்புவுக்குக் குத்திய ஊசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டுப் பிராணிகளின் வலிக்கு அக்குபங்சர், அதாவது மருந்தில்லாத மெல்லிய ஊசிகளைக் குத்தும் வைத்தியம், செய்வதைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எங்கள் நாயை இரண்டு மாதம் அந்தச் சிகிச்சைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். கட்டுரையில் பாதி சரி. 'மாத்திரையே வேண்டாம், ஊசி போதும்' என்ற வரியைப் பார்த்ததும்தான் இதை எழுதத் தோன்றியது.

சுப்பு டாஷண்ட் ஜாதி. 7 வயது, 11 கிலோ. அதில் ஒரு கிலோவாவது என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் போட்ட தோசை. குட்டைக் காலும் நீள முதுகுமான இந்த ஜாதிக்கு முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு சின்ன வயதிலேயே கெட்டிப்பட ஆரம்பித்துவிடுமாம். ஒரு சாயங்காலம் சோபாவில் இருந்து குதித்தவன் வீல் என்று கத்தினான். மறுநாள் காலை முதுகைக் கூனிக்கொண்டு நின்றான். நாலு அடி வைத்தால் பின்பக்கம் சரிந்தது, குடித்தவன் நடப்பது போல.

மருத்துவர் முதலில் ஊசியைத் தொடவே இல்லை. பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தமாகக் கிள்ளினார். சுப்பு திரும்பிப் பார்த்து உறுமினான். எனக்குப் பதறியது, அவர் முகத்தில் நிம்மதி. கால் தன்னால் இழுத்துக்கொள்வது பெரிய விஷயம் இல்லை, வலி மூளைக்குப் போய் அவன் கோபப்படுகிறானா என்பதுதான் முக்கியம் என்றார். அந்த உணர்ச்சியும் போயிருந்தால் உடனே ஆபரேஷன், ஒரு நாள் தள்ளினாலும் நஷ்டம். அப்புறம் எக்ஸ்ரே. அதற்கப்புறம் வலி மருந்து, கூடவே 5 வாரம் கூண்டு வாசம். ஒன்றுக்கு, இரண்டுக்கு மட்டும் வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி வெளியே விட வேண்டும். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், "கூடவே அக்குபங்சரும் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் வரிசையாக, இடுப்பு முடியும் பள்ளத்தில் ஒன்று, முழங்காலுக்குப் பின்னால், பாதத்தில் என்று மயிரிழை மாதிரி ஊசிகள். சிலவற்றில் ஒயரை மாட்டிச் சின்ன பேட்டரிப் பெட்டியில் இருந்து மின்சாரம் விட்டார். தோல் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பாதத்தில் குத்தும்போது மட்டும் சண்டை. பத்து நிமிஷத்தில் கொட்டாவி, அப்புறம் குறட்டை. முழங்கால் வலிக்காக நானும் ஒரு காலத்தில் இந்த ஊசி குத்திக்கொண்டவள்தான், எனக்கு யாரும் பிஸ்கட் கொடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் நேராக நின்றான். ஏழாவது வாரம் பால்காரரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு கேட் வரை ஓடினான். ஊசியால்தானே என்று கேட்டேன். "பாதி கூண்டு, பாதி ஊசின்னு வெச்சுக்கலாம். அந்தப் பாதி எவ்வளவுன்னு எனக்கே தெரியாது" என்றார். ஊசி குத்தினால் உடம்பே எண்டார்பின் என்ற வலிநிவாரணியைச் சுரக்கும் என்று விளக்கியவரும் அவர்தான். விலங்குகளுக்கு அக்குபங்சர் செய்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2006-ல் வந்த ஒரு மதிப்பாய்வு, இதை ஏற்கவும் தள்ளவும் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னதையும் அவரே சொன்னார். தன் வைத்தியத்தைப் பற்றி இப்படிப் பேசும் ஆளிடம்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

சுப்பு கூண்டில் கிடந்தபோது எங்கள் தெருவில் ஒரு அக்கு ஹீலர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் கால்நடை மருத்துவர் இல்லை. மருந்தையெல்லாம் நிறுத்துங்கள், பட்டினி போடுங்கள், நான் ஒரு புள்ளியைத் தொட்டுவிடுகிறேன் என்றார். எக்ஸ்ரேயைக் காட்டினால் கையில் வாங்கவே இல்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். 1984-ம் வருடத்துக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு செய்த கால்நடை மருத்துவர்தான் விலங்குக்கு வைத்தியம் பார்க்கலாம். ஊசியும் வைத்தியம்தானே? உங்கள் கட்டுரையில் படத்தில் ஊசி குத்துபவர் மருத்துவரா, ஹீலரா என்று ஒரு இடத்திலும் போடவில்லை.

இன்னொன்று. மாத்திரை வேண்டாம் என்று எழுதினால் ஜனங்கள் நிறுத்துவது மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத்தான். ராத்திரி பிராணி வலியில் முனகினால் வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ பாதியாக உடைத்து வாயில் போடுவார்கள். என் தங்கை தன் பூனைக்கு அப்படிக் கொடுக்கப் போனாள். நல்லவேளை, போனில் கேட்டாள். பூனையின் ஈரலால் பாராசிட்டமாலை முறிக்க முடியாது, ஒரே மாத்திரையில் செத்துப்போகலாம். இபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

அடுத்த ஞாயிறு இதன் தொடர்ச்சி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் பூனைக்குப் பாராசிட்டமால் விஷம் என்பதைக் கட்டம் கட்டிப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் அந்தப் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியை,
திருநின்றவூர்