எங்கள் பிள்ளைகளின் செபத்துக்குக் கையெழுத்து வேண்டாம்

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், அருட்பணிச் சபையினருக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வீட்டில் செபமாலை சொன்ன ஒவ்வொரு நாளுக்கும் பெற்றோர் ஒரு கட்டத்தில் கையெழுத்து வைக்க வேண்டுமென்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒக்டோபர் மாதச் செப அட்டை எதற்காக வழங்கப்பட்டது என்பதை நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. வீடுகளில் செபமாலை குறைந்துவிட்டது என்ற உங்கள் கவலை என்னுடைய கவலையும்தான். ஆயினும், அந்த அட்டையைக் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்துக்கும் நீடிக்கப்போவதாக நீங்கள் சென்ற ஞாயிறு அறிவித்ததைக் கேட்ட பின்னர் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

எங்கள் மகளுக்கு எட்டு வயது. புதுநன்மைக்கு, அதாவது முதன்முறையாக நற்கருணை வாங்குவதற்கு, ஆயத்தம் செய்கிறாள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, அட்டையில் வெறுங் கட்டங்கள் இருந்த பிள்ளைகளின் பெயர்களை வாசித்து வகுப்பில் எழுப்பி நிறுத்தினீர்கள். அவளும் நின்றாள். தாய்க்கு இரவு வேலை. கடையைப் பூட்டி நான் வீடு வர எட்டரையாகிவிடும். செபமாலையின் 53 மணியும் சொல்லி முடியுமுன் அவள் உறங்கிவிட்ட இரவுகள் உண்டு. அந்த நாட்களுக்கு நான் கையெழுத்து வைக்கவில்லை. சென்ற ஞாயிறு அவளுடைய அட்டை நிறைந்திருந்தது. ஆசிரியர் பாராட்டி, மாதாவின் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். வீடு திரும்பும்போது சைக்கிளின் பின்னால் இருந்தபடி அவள் அழுதுகொண்டே வந்தாள். அன்றிரவு அவளுடைய மறைக்கல்விக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அதில் என்னுடைய கையெழுத்து இருபது முப்பது தரம், மேலே கோணலாகவும் கீழே வரவர அச்சொட்டாகவும், எழுதிப் பழகப்பட்டிருந்தது.

"முதல் பாவசங்கீர்த்தனத்தில இதைத்தான் சொல்ல வேணுமோ, அப்பா?" என்று கேட்டாள். குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் அந்த நாளை நினைத்துத்தான் கேட்டாள்.

செபிக்கப் பழக்குவதற்கென்று கொடுத்த அட்டை என் பிள்ளைக்குப் பொய் எழுதப் பழக்கியிருக்கிறது. கடுமையாகச் சொல்வதாகத் தோன்றினால் மன்னியுங்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அட்டை வருமுன் எங்கள் வீட்டில் நாளாந்தம் செபமாலையின் பத்து மணி மட்டுமே சொல்வோம். பாயை விரித்து, விளக்கேற்றி, மகள் தொடங்குவாள். தம்பிக்காரன் மணியைப் பிடித்து எண்ணுவான். முடிவில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைக் கேட்போம். கிணற்றடியில் குட்டி போட்ட பூனைக்காக அவள் ஒரு கிழமை முழுவதும் மன்றாடினாள். கணக்குப் பாடம் வராத தன் சிநேகிதிக்காகவும் மன்றாடினாள். அட்டை வந்த பின்னர் அந்த மன்றாட்டுகள் நின்றுவிட்டன. கடைசி அருள்நிறை மரியே முடியுமுன்பே அவளுடைய கை பேனாவைத் தேடத் தொடங்கியது.

1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்ற பின்னர், ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் முன்னிருந்துதான் என்னுடைய தாயார் எங்களுக்குச் செபமாலை சொல்லித்தந்தார். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு என்பதால், செபம் முடிந்து சாப்பிட்டதும் விளக்கு அணைந்துவிடும். மூன்றாம் பத்து மணிக்குள் நாங்கள் அவருடைய மடியில் உறங்கிவிடுவோம். அவர் எங்களை எழுப்பியதில்லை. மிகுதியைத் தனியாகச் சொல்லி முடிப்பார். உறக்கத்தில் காதில் விழுந்த அந்தக் குரலே இன்றைக்கும் என்னைச் செபிக்க வைக்கிறது.

இந்த மண்ணின் கதையை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின்னர் எங்கள் கத்தோலிக்கக் குருக்கள் இங்கே இருக்க முடியவில்லை. தங்கள் பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்காக ஒல்லாந்தர் தண்டம் அறவிட்டனர். தோம்பு எனப்பட்ட பதிவேடுகளில் பெயர்களையும் பதிந்துவைத்தனர். 1687 இல் கோவாவைச் சேர்ந்த குருவான புனித யோசப் வாஸ் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து, கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகச் சென்றபோது அவரை இனங்கண்டவர்களும், சில்லாலைக் கிராமத்தில் அவருக்கு இடங்கொடுத்தவர்களும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருவானவர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே விசுவாசத்தைக் காத்தவர்கள். அவர்களுடைய செபத்தை எவரும் கட்டம் போட்டுக் கணக்கெடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குடும்பமாகச் செபியுங்கள் என்று பிரசங்கத்தில் கேட்கும் பங்கிலேயே சபைக் கூட்டமும் பாடகர் குழுவின் பயிற்சியும் திருவிழா ஆயத்தமும் மாலை ஏழு மணிக்குத்தான் வைக்கப்படுகின்றன. பிள்ளைகளை ரியூசன் கொண்டுபோகிறது. பெற்றோரைக் கோயில் மண்டபம் கொண்டுபோகிறது. எஞ்சியிருக்கும் அரை மணி நேரத்துக்குள் 53 மணியையும் சொல்லி, கையெழுத்தும் வைத்து அனுப்புமாறு எங்களிடம் கேட்கிறீர்கள். இது நியாயமா?

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். நான் பணிவுடன் கேட்பது இதுதான்: திருவருகைக் காலம் தொடங்குமுன் செப அட்டையை நிறுத்துங்கள். வகுப்பில் பெயர் வாசிப்பதையும் நிறுத்துங்கள். அதற்குப் பதிலாகப் பெற்றோராகிய எங்களை ஒரு ஞாயிறு பூசை முடிந்த பின்னர் இருத்தி, சிறு பிள்ளைகளோடு எப்படிச் செபிப்பதென்று சொல்லித்தாருங்கள். பத்து மணி போதும் என்று எங்களுக்குத் துணிவு கொடுங்கள்.

மகளிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். அவளுடைய அட்டையையும் பரிசுப் படத்தையும் இம்மடலுடன் திருப்பி அனுப்புகிறேன். படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று சொன்னவள் அவள்தான். அட்டையிலுள்ள கையெழுத்துகளில் பதினொன்று என்னுடையவை அல்ல. அவற்றைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள், வருகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தை
யாழ்ப்பாணம்