டென் ஸ்போர்ட்ஸை வீழ்த்தியது செல்போன் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேபிள் விளையாட்டுச் சேனல்கள் படுத்ததற்கு செல்போன்தான் காரணம் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். இன்றைய நிலைமைக்கு அது சரி. ஆனால் அதே பட்டியலில் டென் ஸ்போர்ட்ஸையும் சேர்த்ததுதான் இடிக்கிறது. 2016 ஆகஸ்ட் கடைசியில் அதை சோனிக்கு விற்கும் அறிவிப்பு வந்தது, செல்போனில் மலிவாக டேட்டா கொடுத்த ஜியோ தொடங்கியதே அதற்குச் சில நாள் கழித்துத்தான்.

2002 ஏப்ரல் 1 அன்று துபாயிலிருந்து தொடங்கிய சேனல் அது. முதலாளி, ஷார்ஜாவில் ஸ்டேடியம் கட்டி கிரிக்கெட் நடத்திய அதே அப்துல் ரகுமான் புகாதிர். இரண்டே மாதத்தில் கொரியா-ஜப்பான் உலகக் கோப்பை கால்பந்தைக் காட்டினார்கள், கூடவே டபிள்யூடபிள்யூஈ மல்யுத்தம். அண்டர்டேக்கர் வருகிறார் என்று மணி அடித்து விளக்கு அணைந்தால் வீட்டில் ஒருவரும் ரிமோட்டைத் தொட முடியாது (அது நிஜச் சண்டையா என்ற விவாதம் தனி).

உச்சம் என்றால் 2004 மார்ச், ஏப்ரல்தான். இந்திய கிரிக்கெட் அணி பாகிஸ்தான் போனது, ஒளிபரப்பு உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம். உச்ச நீதிமன்றம் சொன்னதால் தூர்தர்ஷனுக்கும் சிக்னல் கொடுத்தார்கள், ஆனால் டென் ஸ்போர்ட்ஸின் லோகோ, விளம்பரம் எல்லாம் அப்படியே அதோடு சேர்ந்து வந்தது. முல்தானில் சேவாக் 295-ல் நின்றுகொண்டு, பாகிஸ்தான் சுழல்பந்து வீச்சாளர் சக்லைன் பந்துக்கு இறங்கி வந்து சிக்ஸர் அடித்தாரே, முச்சதத்துக்குப் பக்கத்தில் எவனாவது அப்படி ஆடுவானா! அதைப் பார்த்த எல்லோருக்கும் அந்தச் சேனல் பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது.

சிக்கலும் அங்கேயேதான் இருந்தது. இந்திய அணி உள்ளூரில், அதாவது சொந்த மண்ணில், ஆடும் ஆட்டங்கள் அவர்கள் கையில் இல்லை. பாகிஸ்தான், இலங்கை, வெஸ்ட் இண்டீஸ் மாதிரி கிரிக்கெட் போர்டுகளின் உரிமையை வாங்கிவைத்துக்கொண்டு, இந்தியா எப்போது அங்கே போகும் என்று காத்திருக்க வேண்டிய பிழைப்பு. இந்தியா ஆடினால்தானே விளம்பரக்காரர்கள் பணத்தை அவிழ்ப்பார்கள்? 2006-க்குப் பிறகு பாகிஸ்தானுக்கு டெஸ்ட் தொடர் ஆட நாம் போகவே இல்லை. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அடுத்த பயணம் ரத்தானது, 2009 மார்ச்சில் லாகூரில் இலங்கை அணியின் பஸ்ஸையே சுட்டார்கள். அப்புறம் பாகிஸ்தானின் 'சொந்த மண்' ஆட்டங்கள் துபாயிலும் அபுதாபியிலும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்தன. அதை யார் விழித்திருந்து பார்ப்பது?

நடுவில் 2006-ல் ஜீ டிவி நிறுவனம் டென் ஸ்போர்ட்ஸில் பாதிப் பங்கை வாங்கியது. அடுத்த வருடமே ஜீ முதலாளி சுபாஷ் சந்திரா ஐசிஎல் என்ற தனி கிரிக்கெட் லீக் தொடங்கி இந்திய போர்டோடு மோதினார், இந்திய ஆட்டங்களின் உரிமைக்கான கதவும் இறுக்கமாகச் சாத்திக்கொண்டது. போர்டின் செல்லப்பிள்ளையாக இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது என்பது வேறு விஷயம், அந்த உள்ளூர் உரிமையை வைத்தே பிழைத்த நியோ என்ற விளையாட்டுச் சேனலை 2011 டிசம்பரில் பணப் பாக்கி என்று போர்டு கழற்றிவிட்டதே.

கடைசியில் 38.5 கோடி டாலருக்கு சோனியிடம் போய், 2017-ல் பெயரும் சோனி டென் ஆனது. மிச்சமிருந்த மல்யுத்தமும் 2025 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸுக்குப் போய்விட்டது. இந்தக் கடைசி ஒன்றுக்கு வேண்டுமானால் செல்போனைத் திட்டிக்கொள்ளுங்கள்.