கண் உறுத்தவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாணம் நிச்சயமானதும், வேலை கிடைத்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட லேசிக் என்ற லேசர் கண் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். நானும் போன வருடம் செய்துகொண்டேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.5 பவர் இருந்தது, மறுநாள் காலையில் சுவர்க் கடிகாரம் பளிச்சென்று தெரிந்தது, பார்வையில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. நான் எழுதுவது வேறு விஷயம்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் ஸ்கூட்டியில் வீடு திரும்பினேன். "என்னடி, வலது கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?" என்று அம்மா கேட்ட பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். கருவிழி மேலேயே ஒரு தூசி ஒட்டிக்கொண்டிருந்தது. வலி இல்லை, உறுத்தல் இல்லை, தண்ணீர்கூட வரவில்லை. டாக்டர் அதை எடுத்துவிட்டு, பஞ்சைத் திரியாக முறுக்கி அந்தக் கண்ணை லேசாகத் தொட்டார், நான் இமைக்கவே இல்லை. தூசி கீறிய புண் ஆற ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

அப்புறம்தான் அவர் விளக்கினார். தோலைவிடச் சில நூறு மடங்கு நெருக்கமாக நரம்பு ஓடுகிற இடம் கருவிழி. லேசிக்கில் ஒரு ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு மேல்படலத்தை மூடிபோல வட்டமாக வெட்டித் திறக்கிறார்கள், அதன் அடியில் லேசர் செதுக்குகிறது, இரண்டிலும் நரம்புகள் அறுபடுகின்றன. கண் காய்கிறது என்ற சேதியைக் கொண்டுபோவதே அந்த நரம்புகள்தான், சேதி போகாவிட்டால் கண்ணீரும் சரியாகச் சுரக்காது, இமைப்பதும் குறையும், காயம் ஆறுவதும் தாமதமாகும். உணர்ச்சி பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடுமாம். ஆனால் நரம்புகள் பழைய அடர்த்திக்கு வளர இன்னும் சில வருடங்கள் பிடிக்கும். பவர் கூடினால் செதுக்கும் ஆழமும் கூடும், உணர்ச்சி திரும்பப் பிடிக்கும் நாளும் கூடும். மூடி வெட்டாமல், சில மில்லிமீட்டர் துளை வழியாகச் செய்கிற ஸ்மைல் முறையில் இவ்வளவு நரம்பு அறுபடாது என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

இதையெல்லாம் கையெழுத்து வாங்கும் முன்பு யாரும் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் கண் உலரும், சொட்டு மருந்து விடுங்கள்" என்பதோடு சரி. கண் உறுத்தாததால் நான் இரண்டாம் மாதமே சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன், மறுபரிசோதனைக்கும் போகவில்லை. என்னைப் போல எத்தனை பேர் நிறுத்தியிருப்பார்களோ, நினைத்தால் பயமாக இருக்கிறது.

கண் டாக்டர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் கண் சில மாதம் மரத்திருக்கும், தூசி விழுந்தால்கூடத் தெரியாமல் போகலாம் என்று தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள், பரிசோதனைக்கு வரும்போது அந்தப் பஞ்சுத் திரியால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். லேசிக் பற்றி அடுத்த முறை கட்டுரை போடும்போது உங்கள் பத்திரிகையும் இதைச் சேர்த்து எழுத வேண்டும். சமீபத்தில் செய்துகொண்டவர்கள் வண்டி ஓட்டும்போது பவர் இல்லாத கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள், டாக்டர் சொல்லாமல் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி