ஞாயிறு சந்திப்பு: மில்லியன் டாலர் குவார்டெட்

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு 'மில்லியன் டாலர் குவார்டெட்' இசை நாடகம் பற்றிப் பேசுகிறோம்.

1956 டிசம்பர் 4 அன்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள சன் ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் பாடகர்கள் எல்விஸ் பிரெஸ்லி, ஜானி கேஷ், ஜெர்ரி லீ லூயிஸ், கார்ல் பெர்கின்ஸ் நால்வரும் எதிர்பாராமல் ஒன்றுசேர்ந்த நாள்தான் கதை. நடிகர்களே மேடையில் கிட்டாரும் பியானோவும் வாசித்துப் பாட வேண்டும். லூயிஸாக நடித்த லீவை கிரைஸுக்கு 2010-இல் அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனி விருது கிடைத்தது.

கேஷ் கிட்டார் கம்பிகளுக்கு நடுவே காகிதம் செருகி டிரம் போன்ற ஒலியை எழுப்புவார். இந்த மாதிரி சின்னப் பழக்கங்களை நடிகர் பிடித்தாலே பாதி கேஷ் மேடைக்கு வந்துவிடுவார், குரல் அப்புறம்தான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் அவசியம் வாருங்கள்!

அன்றைய அசல் ஒலிப்பதிவு கிடைக்கிறது, கேட்டுவிட்டு வாருங்கள். வர இயலாதவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.