என் கட்டுரையை நானே திருடினேனா?

எழுத்துப் பயிற்சி வகுப்பின் மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். என் இரண்டாவது கட்டுரைக்கு நீங்கள் போட்ட பூஜ்யத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒப்பீட்டு மென்பொருளின்படி அதில் 91 விழுக்காடு ஓர் இணையப் பக்கத்தோடு ஒத்துப்போகிறதாம். அந்தப் பக்கம் என் வலைப்பூ. அதைத் தொடங்கச் சொன்னவர்கள் நீங்கள். வரைவை அதில் ஏற்றி, கருத்துக் கேட்டு, திருத்தி ஒப்படைக்க வேண்டும் என்பதும் நீங்கள் வகுத்த முறை. சொன்னபடி செய்தேன், அகப்பட்டுக்கொண்டேன்.

வலைப்பூவில் இருப்பது என் பெயர் இல்லையே என்று விசாரணையில் கேட்டீர்கள். பின்னாளில் வேலை தேடும்போது தொல்லையாகலாம், புனைபெயரில் எழுதுங்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லப்பட்டது. நல்ல அறிவுரைதான். ஒப்பீட்டு மென்பொருளுக்கு அது தெரியாது. ஒரே வரிகள் இரண்டு இடங்களில் இருப்பது மட்டுமே அதற்குத் தெரியும். திருட்டு என்று அது சொல்லவில்லை, நீங்கள் சொன்னீர்கள்.

பதிவின் தேதியைக் காட்டினேன். வலைப்பூ இருக்கும் பிளாக்கர் தளத்தில் பதிவின் தேதியை எழுதியவரே மாற்றலாம் என்றீர்கள். மாற்றலாம்தான். ஆனால் பதிவுக்குக் கீழே எங்கள் ஆசிரியை தம் கணக்கிலிருந்து எழுதிய குறிப்பு இருக்கிறதே: "பாட்டியின் கண்ணாடி மூன்றாம் பத்தியில் திடீரென்று வருகிறது. முன்பே காட்டிவிடுங்கள்." ஒப்படைத்த கட்டுரையில் அந்தக் கண்ணாடி இரண்டாவது வரியிலேயே, ஒரு பக்கக் காம்புக்குப் பதில் நூல் கட்டியபடி இருக்கிறது. அந்த நூலைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போயிற்று. நீங்கள் கணக்கில் எடுக்காத 9 விழுக்காடு அதுதான். திருடுகிறவர் யாரும் பாட்டியின் கண்ணாடிக்காகத் தூக்கம் கெட மாட்டார்.

நான் கேட்பது ஒன்றே. என் வலைப்பூ முகவரியை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிட்டுக் கட்டுரையை மறுபடி மதிப்பிடுங்கள். ஒரு மூலத்தை விலக்கும் வசதி இத்தகைய மென்பொருள்களில் உண்டு. சில நிமிட வேலை.

பிளாக்கர் வந்தது 1999இல். வகுப்புக்குள் அதைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு விதி எழுத இத்தனை ஆண்டுகள் போதவில்லையா? விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. வாரம் மூன்று கருத்துரை இட்டால்தான் மதிப்பெண் என்பதை மட்டும் கறாராக எழுதி வைத்திருக்கிறீர்கள். அதன் பலன், வகுப்புத் தோழர் ஒருவர் தவறுதலாக ஏற்றிய வெற்றுப் பதிவுக்குக் கீழே நான்கு முறை "அருமை, தொடர்ந்து எழுதுங்கள்" என்று இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒரே வரி. அங்கே மட்டும் மென்பொருள் ஓடவில்லை.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருளுங்கள். வலைப்பூவை விலக்கி மறுமதிப்பீடு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாவது கட்டுரையின் வரைவை வலைப்பூவில் ஏற்றியாக வேண்டும். ஏற்றலாமா, கூடாதா என்பதையாவது அதற்கு முன் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவி